துப்பாக்கியைத் தாங்கின கவை

கடலைக்காய் வேலையெல்லாம் முடிஞ்சு கொஞ்சம் ஓய்வு கிடைச்சது. ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டு இருந்த வேலை ஒண்ணு, கட்டுத்தரை மேல இருக்கிற அட்டாலியை ஒதுங்க வைக்கிறது. அன்னைக்கு ஏறிட்டேன். கவலை ஓட்டின காலத்துச் சால், பல்லுப்போன பலுகு, எலி கடிச்ச சாக்கு எல்லாத்தையும் கீழே இறக்கினப்போ, சாக்குக்கு அடியில மரத்துல ஒரு சாமான் கிடந்துச்சு. அக்கா மகன் அதைத் தூக்கிப் பார்த்துட்டு, "இது என்னங்க மாமா, பூந்தொட்டி வைக்கிற ஸ்டேண்டா?"ன்னு கேட்டான்.

மூணு கட்டைக் கால். அதுக்கு மேல வட்டமா ரெண்டு பலகை, ராகிக்கல் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. மேல் பலகை சுத்தும், கீழ்ப் பலகை அசையாது. நடுவுல மறை போட்ட ஒரு தடிச்ச போல்ட்டு. போல்ட்டு தலையில இரும்புக் கவை, 'யு' மாதிரி. கவைக்கு உள்பக்கம் சாக்குத் துணி சுத்திக் கட்டியிருக்கு. கீழ்ப் பலகையில ரெண்டு முளைக்குச்சி. ஒண்ணு கையால உருவினா வந்துடுது. இன்னொண்ணு வரலை. கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா, அந்த முளை மேல நாலு அங்குல ஆணியை அடிச்சு மடக்கி விட்டிருக்கு.

எனக்கு அது என்னன்னு தெரியும். எங்க அப்பாரு பன்னிக் காவலுக்கு வச்சிருந்த துப்பாக்கிக்குத் தாங்கல் அது. அவர் "கவை"ன்னுதான் சொல்லுவார். ஆனா ஒரு முளைக்கு மட்டும் எதுக்கு ஆணி அடிச்சிருக்குன்னு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தக் கவைக்கு ஒரு பெரிய கதை இருக்கு. அக்கா மகனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதறேன்.

கை ஏன் பத்தாது?

துப்பாக்கியைத் தோளில வச்சு நின்னுக்கிட்டுப் பிடிச்சா அது ஒரு நொடி கூடச் சும்மா இருக்காது. மூச்சு விட்டா மூக்கு ஏறி இறங்கும். நெஞ்சு துடிக்கிறதுக்குத் தக்கன ஆடும். கை சோர்ந்தா தாழும். ஒரே ஒரு டிகிரி விலகினா நூறு அடி தூரத்துல ஒண்ணேமுக்கால் அடி தள்ளிப் போகும். பன்னியோட தலைக்கும் வாலுக்கும் உள்ள தூரத்துல பாதி அது. அதனால துப்பாக்கி கண்டுபிடிச்ச நாள்ல இருந்தே அதை எது மேலயாவது சாத்தி வச்சுச் சுடுற பழக்கமும் இருக்கு. சுவரு, வண்டிச் சட்டம், மரக்கிளை, மண்மேடு, எது கிடைச்சாலும்.

16-ம் நூற்றாண்டுல ஸ்பெயின்காரங்க பெரிய மஸ்கெட் துப்பாக்கியைக் கொண்டுவந்தாங்க. இரும்புக் கவசத்தைத் துளைக்கணும்னு குழலை நீளமாவும் தடிமனாவும் செஞ்சாங்க. எடை ஏழெட்டுக் கிலோ. கையில ஏந்திச் சுட முடியாது. அதனால ஒவ்வொரு சிப்பாயும் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோலைக் கொண்டு போனான். மேல் நுனியில இரும்புக் கவை, கீழ் நுனியில தரையில குத்துறதுக்குக் கூர். நம்ம ஊர்ல முள்ளு தள்ற கவைக்கோல் இருக்குதுங்களே, பார்க்க அச்சு அசல் அதுதான்.

நினைச்சுப் பாருங்க. ஒரு கையில கவைக்கோல், அதே கையில புகைஞ்சுக்கிட்டு இருக்கிற திரி, இன்னொரு கையில துப்பாக்கி, தோளில கருமருந்துக் குப்பிகள். மருந்து போட்டு, குண்டு போட்டு, கம்பியால இடிச்சு, கவையில சாத்தி, திரியைப் பொருத்தி, அப்புறம் சுடணும். இதை வரிசைப்படுத்திச் சொல்லித்தரவே ஒரு படப் புத்தகம் வந்துச்சு. யாக்கோப் டி கெயின்னு ஒரு ஓவியர் வரைஞ்சது, 1607-ல நெதர்லாந்துல வெளிவந்தது. மஸ்கெட் சிப்பாய்க்கு மட்டும் அதுல 43 படம். எல்லாம் கவைக்கோலை எங்க பிடிக்கணும், துப்பாக்கியை எப்ப மாத்தணும்னு ஒவ்வொரு அசைவா காட்டுற படம். 17-ம் நூற்றாண்டு போகப்போக துப்பாக்கியோட எடை குறைஞ்சது, கவைக்கோலும் பட்டாளத்தை விட்டு மறைஞ்சு போச்சு.

நம்ம பக்கம்

துப்பாக்கிங்கற பேரே துருக்கி வழியா நமக்கு வந்த பேரு. 1520-ல கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூர் கோட்டையை முற்றுகை போட்டப்போ, கிறிஸ்தோவாவோ டி பிகைரெதோங்கற போர்ச்சுகீசியர் துப்பாக்கிக்காரங்களோட வந்து சேர்ந்துக்கிட்டார். கோட்டைச் சுவர் மேல தலை காட்டினவங்களை இவங்க கீழே இருந்து சுட்டு விழுத்தினாங்க. அதனால கீழே சுவரை இடிக்கிறவங்களுக்குத் தைரியம் வந்துச்சு. நுனிஸ்ங்கற போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி இதையெல்லாம் எழுதி வச்சிருக்கார்.

ஆறு வருசம் கழிச்சு, 1526-ல பானிபட்டுல பாபர் வண்டிகளை வரிசையா நிறுத்தித் தோல் கயித்தால பிணைச்சு, அதுக்குப் பின்னால துப்பாக்கிக்காரங்களை நிறுத்தினார். அவருக்கு வண்டிதான் அரண்.

அவர் பேரன் அக்பருக்குத் துப்பாக்கின்னா உயிரு. 1568-ல சித்தூர் கோட்டையில ஜெய்மலைச் சுட்டது அக்பரே, அந்தத் துப்பாக்கி பேரு சங்கிராம்னு அபுல் ஃபசல் எழுதியிருக்கார். அவரு எழுதின அய்னி அக்பரியில எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. பதினாறு துப்பாக்கிக் குழலை ஒரே சமயத்துல சுத்தம் பண்ண ஒரு சக்கரம் வச்சிருந்தாங்களாம். அதைச் சுத்தினது மாடு. செக்கு சுத்துற மாதிரி. ராஜாவோட ஆயுதசாலையானாலும் மாடு இல்லாம வேலை ஆகலை பாருங்க.

கருமருந்துக்கும் மாட்டுக்கும் கூட உறவு உண்டு. கருமருந்துல பெரும்பங்கு வெடியுப்பு. மாட்டு மூத்திரமும் சாணியும் ஊறின பழைய ஊர் மண்ணைக் கரைச்சு, வடிகட்டி, காய்ச்சித்தான் அதை எடுத்தாங்க. பீகார் கிராமங்கள்ல எடுத்த வெடியுப்பை டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் கப்பல் கப்பலா ஐரோப்பாவுக்குக் கொண்டு போனாங்க. நம்ம நாட்டுக் கட்டுத்தரை மண்ணு அங்க போய் யுத்தத்துல வெடிச்சிருக்கு.

மான் கொம்புக் கவை

கவையைத் துப்பாக்கியோடவே சேர்த்து வச்சவங்க திபெத்துக்காரங்க. அங்க மேட்டுநிலத்துல நூறு மைல் போனாலும் சாய மரம் இருக்காது. ஆடும் யாக் மாடும் மேய்க்கிறவன் ஓநாயைச் சுடணும்னா எதுல சாத்துவான்? அதனால துப்பாக்கிக் கட்டையோட முன்பக்கம் ரெண்டு நீளக் கொம்பை கீல் போட்டு மாட்டிக்கிட்டாங்க. திபெத் மானோட கொம்பு, நேரா, கூரா இருக்கும். நடக்கும்போது கொம்பை மடக்கிக் குழலோட சேர்த்துக்கலாம். சுடும்போது கீழே இறக்கித் தரையில ஊனிக்கிட்டா கவை தயார். பழைய திபெத் போட்டோக்கள்ல முதுகுக்கு மேல ரெண்டு கொம்பு நீட்டிக்கிட்டு நிக்கிற ஆளுங்களைப் பார்த்தா, கொம்பு முளைச்ச மனுசன் மாதிரி இருக்கும்.

அந்தக் கவைத் துப்பாக்கியை வச்சுக்கிட்டுத்தான் 1904 மார்ச் 31-ம் தேதி குரு-ங்கற இடத்துல அவங்க பிரிட்டிஷ் பட்டாளத்தை மறிச்சாங்க. யங்ஹஸ்பண்ட் கூட்டிக்கிட்டுப் போன படை அது, சிப்பாய்ங்கள்ல பெரும்பாலானவங்க நம்ம நாட்டுச் சீக்கியரும் கூர்க்காக்களும். திபெத்துக்காரங்க கையில இருந்து ஆயுதத்தைப் பிடுங்கப் போனப்போ கலவரமாகி, மேக்சிம் எந்திரத் துப்பாக்கி பேச ஆரம்பிச்சது. கொஞ்ச நேரத்துல அறுநூறுக்கும் மேல திபெத்துக்காரங்க செத்து விழுந்தாங்க. இந்தப் பக்கம் சில பேருக்குக் காயம். திரி வச்சுப் பத்த வைக்கிற துப்பாக்கி, மேக்சிமுக்கு முன்னால என்ன பண்ணும்? ஓநாய்க்குன்னு செஞ்ச சாமான் அது.

ரெண்டு குச்சி

அமெரிக்காவுல 1870-கள்ல காட்டெருமைத் தோல் வியாபாரம் கொள்ளையாப் போச்சு. வேட்டைக்காரன் வச்சிருந்தது கனமான ஷார்ப்ஸ் ரைஃபிள். அதுக்கு அவன் செஞ்சுக்கிட்ட தாங்கல் ரொம்பச் சுலபம். ரெண்டு குச்சியை எடுத்து, நுனிக்குக் கொஞ்சம் கீழே தோல் வாரால கட்டி, பெருக்கல் குறி மாதிரி விரிச்சு நட்டுக்கிறது. மேல இருக்கிற சின்னக் கவட்டையில ரைஃபிள் உக்காரும். குச்சியை விரிச்சா தாழும், ஒடுக்கினா உசரும். காசு செலவில்லாத, ஏத்தி இறக்குற தாங்கல்.

ஒரே இடத்துல உக்காந்துக்கிட்டு மந்தையையே ஒவ்வொண்ணா சாய்ச்சாங்க. கோடிக்கணக்குல இருந்த காட்டெருமை 1880-கள் முடியறப்போ சில நூறுக்கு வந்துடுச்சு. அந்த மந்தையை நம்பி வாழ்ந்த பழங்குடி ஜனங்க பட்டினியில விழுந்தாங்க. தோலை உரிச்சுட்டுக் கறியை அப்படியே அழுக விட்டுட்டுப் போனாங்கன்னு படிச்சப்போ எனக்கு மனசு கேக்கலை. ரெண்டு குச்சி மேல தப்பு இல்லை. ஆனா கை நடுங்காம இருக்கிற வசதி கிடைச்சுட்டா, மனசும் நடுங்கறதில்லை போல.

ராணி சுட்ட குண்டு

இப்ப போல்ட்டுக்கு வர்றேன்.

1860 ஜூலை 2-ம் தேதி லண்டன் பக்கத்துல விம்பிள்டன்ல ஒரு துப்பாக்கிப் போட்டி. முதல் குண்டை விக்டோரியா ராணி சுடணும்னு ஏற்பாடு. ராணி குறி தப்பினா மானக்கேடு. அதனால ஜோசப் விட்வொர்த்ங்கற எந்திரக்காரர் தன்னோட ரைஃபிளை ஒரு இரும்புத் தாங்கல்ல பூட்டி, 400 கெஜம் தூரத்துல இருந்த பலகைக்கு முன்கூட்டியே குறி பார்த்துத் திருகி நிறுத்தி வச்சுட்டார். ராணி வந்து பட்டுக் கயித்தை இழுத்தது மட்டும்தான். குண்டு மையத்துக்கு ஒண்ணேகால் அங்குலத்துல போய் விழுந்துச்சு. சுட்ட பேரு ராணிக்கு. குறி பார்த்தது தாங்கலும் திருகும்.

இந்த விட்வொர்த்தை உங்களுக்கும் தெரியும், பேரு தெரியாம இருக்கலாம். அவருக்கு முன்னாடி ஒவ்வொரு பட்டறைக்காரனும் அவனவன் இஷ்டத்துக்கு மறை போட்டான். ஒரு பட்டறை நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டுல ஏறாது. 1841-ல விட்வொர்த் ஒரு கணக்கு சொன்னார். மறையோட கோணம் 55 டிகிரி, இத்தனை தடிமன் போல்ட்டுக்கு ஓர் அங்குலத்துல இத்தனை மறை. ரயில்வேக்காரங்க ஏத்துக்கிட்டாங்க, அப்படியே வெள்ளைக்காரன் போன நாடெல்லாம் பரவுச்சு. நம்ம தோட்டத்துப் பழைய ஆயில் எஞ்சின் போல்ட்டெல்லாம் அந்த மறைதான். பழைய ஸ்பேனர்ல 'டபிள்யூ'ன்னு ஒரு எழுத்து குத்தியிருக்கும் பாருங்க, அது அவர் பேரோட முதல் எழுத்து.

அப்பாரு கவையில இருக்கிறது அரை அங்குல விட்வொர்த் போல்ட்டு, எஞ்சின்ல இருந்து கழட்டினது. அளந்து பார்த்தேன், அங்குலத்துக்கு 12 மறை. ஒரு சுத்து சுத்தினா கவை ஓர் அங்குலத்துல பன்னெண்டுல ஒரு பங்கு உசரும். தோளுக்கும் கவைக்கும் நடுவுல ரெண்டரை அடின்னு வச்சுக்கிட்டா, நூறு அடி தூரத்துல குறி மூணேகால் அங்குலத்துக்கு மேல ஏறும். அப்பாரு பள்ளிக்கூடம் போனவரில்லை. இந்தக் கணக்கெல்லாம் போட்டிருக்க மாட்டார். ஆனா "பன்னிக்கு அரைச் சுத்து, நரிக்கு அரைச் சுத்து கம்மி"ன்னு சொல்லுவார். விம்பிள்டன்ல ராணிக்குத் திருகின அதே மறை, நம்ம கடலைக்காட்டுப் பரண் மேலயும் திருகியிருக்கு.

யார் வச்சுக்கலாம்?

துப்பாக்கிக் கதையில எப்படிச் சுடறதுங்கறதை விட யார் வச்சுக்கலாங்கறதுதான் பெரிய சண்டை.

ஜப்பான்ல 1543-ல போர்ச்சுகீசியர் மூலமா துப்பாக்கி வந்துச்சு. 1588-ல ஹிதேயோஷி குடியானவங்ககிட்ட இருந்து வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாத்தையும் பறிக்கச் சொன்னார். ஆனா பின்னால அமைதி வந்த காலத்துலயும் மலையடிவார ஊர்கள்ல துப்பாக்கி இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. காரணம் பன்னியும் மானும்தான். பயிரைத் தின்ன வர்றதை மிரட்டறதுக்குன்னே பதிவு பண்ணி அனுமதி கொடுத்தாங்க. சாமுராய்க்கு வேலையில்லாம வாள் துருப்பிடிச்ச காலத்துல, குடியானவன் துப்பாக்கிக்கு ராத்திரி ராத்திரி வேலை இருந்திருக்கு.

நம்ம பக்கம் பாளையக்காரங்க தோத்த பிறகு கதை மாறுச்சு. 1799-ல கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டாங்க. 1801 அக்டோபர்ல மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்க. அந்த வருசம் டிசம்பர்லயே கும்பெனி கவர்னர் ஜனங்க ஆயுதம் வச்சுக்கக் கூடாதுன்னு அறிக்கை போட்டார். கோட்டைகளை இடிச்சாங்க, வேலும் துப்பாக்கியும் வண்டி வண்டியா போச்சு. அப்புறம் 1878-ல லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம். இந்தியன் லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சுக்கக் கூடாது, வெள்ளைக்காரனுக்கு விலக்கு. காந்தியே இந்தச் சட்டத்தைக் கடுமையாக் கண்டிச்சிருக்கார். குடகு மலைக்காரங்களுக்கு மட்டும் அப்பவே விலக்கு கிடைச்சது, இன்னைக்கும் இருக்கு. செப்டம்பர் ஆரம்பத்துல கைல்போத் பண்டிகையில துப்பாக்கிக்குப் பூ வச்சுக் கும்பிடுவாங்க, நாம ஆயுத பூசைக்கு ஏர்க்கலப்பைக்கும் மம்முட்டிக்கும் பொட்டு வைக்கிற மாதிரி.

சுதந்திரம் வந்த பிறகு 1959-ல புது ஆயுதச் சட்டம் போட்டாங்க, 1962 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்துச்சு. அதுல குடியானவனுக்குன்னே ஒரு வரி இருக்கு. வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்கு உண்மையிலேயே கேக்கிறவனுக்கு லைசென்ஸ் தரலாம்னு. அந்த வரியை வச்சுத்தான் எங்க அப்பாரு லைசென்ஸ் வாங்கினார். தேர்தல் வந்தா துப்பாக்கியை ஸ்டேசன்ல ஒப்படைக்கணும். "பன்னிக்கு ஓட்டு இல்லைன்னு யாரு சொன்னது, தேர்தல் வந்தா அதுக்குத்தான் கொண்டாட்டம்"னு அப்பாரு சொல்லுவாராம்.

அப்பாரு கவை

எங்க காடு சத்தியமங்கலத்துக்கு மேக்கால மலையடிவாரம். கடலைக்காய் காய் பிடிச்சா பன்னி இறங்கிடும். ஒரு கூட்டம் ஒரு ராத்திரியில அரை ஏக்கரை உழுதுட்டுப் போயிடும், நாம ஏர் பூட்டி உழுதா கூட அவ்வளவு சுத்தமா வராது.

அப்பாரு பரண் மேல சும்மா துப்பாக்கியை வச்சுக்கிட்டு உக்காந்தவர் இல்லை. முதல்ல ஆசாரிகிட்டச் சொல்லி வேலமரத்துல ரெண்டு வட்டப் பலகை செதுக்க வச்சார். ராகிக்கல்லுல முளையைச் சுத்தித் திருகுறோமே, அதே யோசனை. கொல்லுப் பட்டறையில பழைய வண்டிப்பட்டையைக் காய்ச்சி வளைச்சுக் கவை. எஞ்சின் போல்ட்டு ஏத்தி இறக்க. குழல் இரும்புல இடிச்சுச் சத்தம் வரக்கூடாதுன்னு சாக்குத் துணி. துப்பாக்கிக் குழலைக் கவையில வைக்க மாட்டார், குழலுக்கு அடியில இருக்கிற கட்டைதான் உக்காரணும். குழல் உக்காந்தா வெடிக்கும்போது எகிறிக் குறி மாறிப் போகும்னு அனுபவத்துல கண்டுக்கிட்டது.

எல்லாத்தையும் விட முக்கியம் அந்த ரெண்டு முளைக்குச்சி. பரணுக்குக் கிழக்கால மண்மேடு, பெரிய கரை. குண்டு தப்பினா மண்ணுல போய்ப் புதைஞ்சுக்கும். மேக்கால இட்டேரி. ரெண்டு பக்கமும் முள்ளுவேலி, நடுவுல ஊருக்குப் போற தடம். ஆளு நடக்கிற இடம். அதனால மேல் பலகை எவ்வளவு சுத்தினாலும் கிழக்கே அந்த மேட்டோட ரெண்டு ஓரத்துக்கு மேல திரும்பாத மாதிரி ரெண்டு முளை. பன்னி இட்டேரிப் பக்கம் நின்னு கடலைக்காயைத் தின்னாலும் சுட முடியாது. "தின்னுட்டுப் போகட்டும்"னு விட்டுடுவார்.

சின்ன வயசுல இதை வெறும் சிக்கனப் புத்தின்னு நினைச்சிருந்தேன், குண்டு வீணாகக் கூடாதுன்னு. இப்ப எங்க அய்யன்கிட்டப் போய் அந்த ஆணியைக் காட்டினேன். அவருக்கு எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு. ரொம்ப நேரம் கையில வச்சுத் தடவிப் பார்த்தார். அப்புறம் சொன்னார். இத்தனை வருசத்துல யாருகிட்டயும் சொல்லாதது.

1971, ஐப்பசி மாசம். மழை பேஞ்சு ஓஞ்ச ராத்திரி. அப்பாருக்குக் காய்ச்சல், அய்யன் மட்டும் பரண்ல. இருபத்திரெண்டு வயசு. நாலு நாளா பன்னி தின்னதுல பாதிக் காடு போயிருந்துச்சு. நடுச்சாமத்துக்கு மேல இட்டேரி வேலியோரம் கருப்பா ஒண்ணு தாழக் குனிஞ்சு அசையுது. மூச்சு விடற சத்தம், முள்ளு முறியற சத்தம். சுட முடியாத பக்கம். அய்யனுக்கு ஆத்திரம். மேக்கு முளையை உருவிப் போட்டுட்டுக் கவையைத் திருப்பினார். திருகி இறக்கினார். கவையில உக்காந்த துப்பாக்கி அப்படி இப்படி அசையலை. குறி அவ்வளவு சரியா நின்னுச்சாம். குதிரையை இழுத்தார்.

டிக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். மழை ஈரத்துல கேப்பு நமுத்துப் போயிருந்துச்சு.

அந்தக் கருப்பு நிமிர்ந்துச்சு. கம்பளி போத்தின ஆளு. பக்கத்துத் தோட்டத்து மாமன். கயித்தை அத்துக்கிட்டு ஓடின கன்னுக்குட்டி வேலிக்குள்ள சிக்கிக்கிச்சு, அதை இழுக்கக் குனிஞ்சிருக்கார். நின்னு ஒரு பீடியைப் பத்த வச்சுக்கிட்டு, கன்னுக்குட்டியைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போயிட்டார். பீடி நெருப்பு இட்டேரி வளைவுல மறையற வரைக்கும் அய்யன் பார்த்துக்கிட்டே இருந்தாராம். விடியற வரைக்கும் கை நடுக்கம் நிக்கலையாம்.

விடிஞ்சதும் முளையைத் தேடி எடுத்துத் திரும்பச் சொருகி, ஆணி அடிச்சு மடக்கிட்டார். அப்பாரு பார்த்துட்டு "என்னத்துக்கு?"ன்னு கேட்டதுக்கு "ஆடுதுங்க"ன்னு சொல்லிட்டார். அப்பாரு அதுக்கு மேல கேக்கலை. அய்யன் அதுக்கப்புறம் துப்பாக்கியைத் தொடவே இல்லை. அப்பாரு காலமானதும் லைசென்சையும் துப்பாக்கியையும் கொண்டுபோய் ஒப்படைச்சுட்டார். வாரிசுன்னு நாம புதுசா மனு போடலாம்னு சித்தப்பா எவ்வளவோ சொல்லியும் கேக்கலை. ஊர்ல பயந்தாங்கொள்ளின்னு கூடப் பேசினாங்க. நானும் ஒருகாலத்துல அப்படி நினைச்சவன்தான்.

அந்த மாமன் எண்பது வயசு வரைக்கும் இருந்து, போன வருசம் படுக்கையில நிம்மதியாப் போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கடைசி வரைக்கும் இது தெரியாது. அவர் பேரன் கல்யாணத்துக்கு நான்தான் போய் மொய் எழுதிட்டு வந்தேன். அய்யன் அன்னைக்கு முதல் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு, ரொம்ப நேரம் மணவறையையே பார்த்துக்கிட்டு இருந்தது இப்பத்தான் எனக்கு ஞாபகம் வருது.

இப்ப

1972-ல வன உயிரினச் சட்டம் வந்துச்சு. இப்பப் பன்னியை நாமளா சுட முடியாது. கேரளாவுல 2022-ல பஞ்சாயத்துத் தலைவர் மூலமா லைசென்ஸ் உள்ளவங்களை வச்சுச் சுட வழி பண்ணினாங்க. தமிழ்நாட்டுல 2025-ல, காப்புக்காட்டுல இருந்து 3 கி.மீ.க்கு அப்பால வர்ற பன்னியை வனத்துறை ஆளுங்க சுடலாம்னு சொன்னாங்க. எங்க காடு வனத்துல இருந்து அரைக் கிலோமீட்டர். எங்களுக்கு அது பொருந்தாது. பன்னி தின்னுக்கிட்டேதான் இருக்கு. எனக்கும் கோவம் வருது, இல்லைன்னு சொல்லலை. சில பேரு கரண்டு வேலி போடறாங்க. அதுல யானையும் செத்திருக்கு, மனுசனும் செத்திருக்கான். கரண்டுக்கு முளைக்குச்சி கிடையாது. வர்றது பன்னியா, கன்னுக்குட்டி தேடி வர்ற மாமனான்னு அது பார்க்காது.

கவைக்கோல் தூக்கின ஸ்பெயின் சிப்பாய்ல இருந்து விம்பிள்டன் ராணி வரைக்கும் எல்லாரும் தாங்கலைச் செஞ்சது குறி தப்பக் கூடாதுன்னுதான். எங்க அப்பாரு ஒருத்தர்தான், படக்கூடாததுல படக்கூடாதுன்னும் சேர்த்துச் செஞ்சார்னு எனக்குத் தோணுது. அவர் வச்ச முளையை ஒருதரம் உருவிப் பார்த்ததுல எங்க குடும்பம் நூலிழையில தப்பிச்சுது.

கவையைத் துடைச்சு, போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, அய்யன் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். ஆணி அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டார். உங்க வீட்டு அட்டாலியிலயும் இந்த மாதிரி எதாவது கிடந்தா, பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. அது என்னன்னு பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வச்சுக்குங்க.